மூன்று கடிகாரங்களும் ஒரு திரையும்

வீட்டுக்குள் வெள்ளித்திரை – 7

சென்ற வாரம் திரையின் அளவைப் பற்றியும், அதற்கும் நாற்காலிக்கும் இடையே இருக்கவேண்டிய தூரத்தைப் பற்றியும் சாவகாசமாகப் பேசினோம். இந்த வாரம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், டிவிக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டரை வைத்து அதன் வழியாகவே படம் பார்ப்பது என்று தீர்மானித்தவர்களில் பெரும்பாலோர் முதல் மாதத்திலேயே சந்திக்கிற ஒரு சங்கடம். படம் ஓடுகிறது, நிறம் நன்றாயிருக்கிறது, ஒலியிலும் பழுதில்லை, ஆனால் காமிரா ஒரு வயல்வெளியை இடமிருந்து வலமாக மெதுவாகத் தடவிச் செல்கிற காட்சி வந்ததும், வரப்பில் நிற்கும் தென்னைகள் வழுக்கிக்கொண்டு நகராமல் விட்டுவிட்டு நகர்கின்றன, கடைசியில் பெயர்ப் பட்டியல் மேலேறும்போது எழுத்துகள் விக்குகின்றன, நாற்பது விநாடிக்கு ஒரு முறையோ பத்து நிமிஷத்துக்கு ஒரு முறையோ எல்லாமே ஒரு க்ஷணம் நின்று மறுபடி புறப்பட்டதாக ஒரு பிரமை தோன்றுகிறது. வீட்டில் வேறொருவரும் இதைக் கவனிப்பதில்லை என்பது கம்ப்யூட்டரை வாங்கி வைத்தவருடைய துக்கத்தை இரட்டிப்பாக்குமேயன்றிக் குறைக்காது.

அவர் யாரிடம் போய் யோசனை கேட்டாலும் கிடைக்கிற விடை ஏறக்குறைய ஒன்றுதான்: பிராசசரை மாற்றுங்கள், ராமைக் கூட்டுங்கள், தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு போடுங்கள். அவரும் மாற்றுவார், கூட்டுவார், போடுவார்; விக்கல் மட்டும் இருந்த இடத்தில் இருக்கும். யந்திரத்தின் பலத்துக்கும் இந்தக் குறைக்கும் உள்ள சம்பந்தம் அநேகர் எண்ணுவதைவிட மிகவும் சொற்பம் என்பது என் அபிப்பிராயம். படம் எந்த வேகத்தில் எடுக்கப்பட்டது என்பது ஒரு கணக்கு. திரை தன்னை எந்த வேகத்தில் புதுப்பித்துக்கொள்கிறது என்பது இன்னொரு கணக்கு. ஒலியை வெளியிடுகிற சில்லுக்குள் துடித்துக்கொண்டிருக்கும் சிறு படிகம் காலத்தை அளப்பது மூன்றாவது கணக்கு. இந்த மூன்று கடிகாரங்களும் ஒன்றையொன்று கேளாமல் தத்தம் போக்கில் ஓடிக்கொண்டிருக்கையில், எத்தனை பலமுள்ள பிராசசரும் அவற்றிடையே சமாதானம் செய்துவைக்க முடியாது.

பலத்துக்கு உரிய பங்கை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். ஃபைலில் இருக்கிற வீடியோ மிகவும் சுருக்கப்பட்டது. அதை விநாடிக்கு இருபத்துநான்கு முறை முழுப்படமாக விரிப்பது சாமானியமான கணக்கல்ல. இந்தக் கணக்கைப் பொதுப் பிராசசரும் செய்யலாம். கிராபிக்ஸ் சில்லில் இதற்கென்றே பொதிந்திருக்கும் தனிச் சுற்றும் செய்யலாம். தனிச் சுற்று செய்கையில் பிராசசர் அநேகமாகச் சும்மா இருக்கும். 2012-இல் வெளிவந்த ராஸ்பெரி பை என்ற 35 டாலர் பலகையை நினைவுகூர்ந்தால் இது விளங்கும். அதன் பிராசசர் வெறும் 700 மெகாஹெர்ட்ஸ், ஆனாலும் ஹெச்.264 என்ற முறையில் சுருக்கப்பட்ட முழு ஹெச்டி படத்தை அது தடுமாறாமல் ஓட்டியது, அந்த முறைக்கான சுற்று அதற்குள் இருந்ததால். அதே பலகை, வயதில் மூத்ததும் வேலையில் எளியதுமான டிவிடியின் எம்பெக்-2 முறையை ஓட்டவேண்டுமானால், தனியாகக் காசு கொடுத்து ஒரு லைசென்ஸ் சாவியை வாங்கிப் போடவேண்டியிருந்தது. யானை புகும் வாசலில் பூனைக்குச் சீட்டுக் கேட்ட கதைதான். 2023-இல் வந்த ஐந்தாம் ராஸ்பெரி பையிலோ ஹெச்.264-க்கான சுற்றையே எடுத்துவிட்டார்கள். பிராசசரே அதைச் சமாளிக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டதென்பது அவர்கள் கணக்கு.

ஆகவே, கம்ப்யூட்டர் வாங்குகிறவர் கேட்கவேண்டிய கேள்வி எத்தனை கோர் என்பதைவிட, எந்தெந்த கோடெக்கை, அதாவது சுருக்கும் முறையை, அதன் கிராபிக்ஸ் தானாக விரிக்கும் என்பதே. பத்து பிட் ஹெச்இவிசியை விரிக்க இன்டெல்லில் ஏழாம் தலைமுறையாவது வேண்டும். ஏவி1 முறைக்குப் பதினோராம் தலைமுறை வேண்டும். என்விடியாவில் ஏவி1 வேண்டுவோர் 2020-இல் வந்த முப்பது வரிசைக்குக் கீழே இறங்கக்கூடாது. சுற்று இருந்தும் ப்ளேயரின் செட்டிங்ஸில் ஹார்டுவேர் டிகோடிங் அணைந்து கிடப்பது சகஜம். அதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஃபைல் வேறோர் அறையில் இருக்கும் வட்டிலிருந்து வருமானால் பாதையின் அகலமும் சேர்ந்துகொள்ளும்: சாதாரண ப்ளூரேயின் வீடியோ விநாடிக்கு 40 மெகாபிட்டைத் தாண்டாது, ஆனால் 4கே ப்ளூரே உச்சத்தில் 128 மெகாபிட் வரை போகும், இரண்டு சுவர்களைத் தாண்டி வரும் வைஃபையை இதற்கு நம்புவதைவிட, பார்க்க விகாரமாயிருந்தாலும் ஒரு கேபிளை ஓட்டிவிடுவது மேல். பலக்குறைவால் வரும் விக்கலை அடையாளம் காண்பதும் எளிது: அது சண்டைக் காட்சியிலும் மழைக் காட்சியிலும் வரும், சாதுவான காட்சியில் வராது. சாதுவான காட்சியில் வருகிற விக்கல்தான் நம் விஷயம்.

அதற்கு நாம் கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும். பேசாப் படங்களின் காலத்தில் காமிராவின் வேகம், அதன் கைப்பிடியைச் சுழற்றியவனுடைய கைக்குக் கட்டுப்பட்டிருந்தது. விநாடிக்குப் பதினாறு ஃபிரேம் என்றும் இருபது என்றும் அவரவர் பழக்கப்படி சுழற்றினார்கள், கொட்டகைக்காரன் தன் அவசரத்துக்கேற்ப இன்னும் விரைவாகவே ஓட்டி முடித்தான். கண் அதையெல்லாம் பொறுத்துக்கொண்டது. படத்தோடு ஒலி சேர்ந்ததும் இந்தச் சுதந்திரத்துக்கு இடமில்லாமற் போயிற்று. வேகம் சற்றே ஏறி இறங்கினாலும் குரல் ஏறி இறங்கும், காது அதை மன்னிக்காது. 1926-இல் 'டான் ஜுவான்' படத்தோடு அமெரிக்காவில் அரங்கேறிய விட்டாஃபோன் முறையில் நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடி பிலிம் என்று வேகத்தை நிலைநிறுத்தினார்கள். முப்பத்தைந்து மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்குப் பதினாறு ஃபிரேம். கணக்குப் போட்டால் விநாடிக்கு 24 வரும். பின்னால் ஒலி, அந்த முறையின் தனித் தட்டிலிருந்து பிலிமின் ஓரத்துக்கே இடம்பெயர்ந்தபோதும் அந்த எண் மாறவில்லை. உலகத்துப் பேசும்படங்களுக்கெல்லாம், நம்முடையவை உட்பட, அதுவே விதியாயிற்று.

இருபத்துநான்கு என்பது வழுவழுப்பான ஓட்டத்துக்குப் போதுமான எண்ணல்ல என்பதைப் படம் பிடிப்பவர்கள் ஆதியிலிருந்தே அறிவார்கள். விநாடிக்கு இருபத்துநான்கு முறை மட்டும் வெளிச்சம் மின்னினால் கண் கூசும் என்று, புரொஜெக்டரில் இரண்டு இதழ் ஷட்டரை வைத்து ஒவ்வொரு ஃபிரேமையும் இருமுறை மின்னச் செய்தார்கள். காமிராவைப் பக்கவாட்டில் திருப்பும்போது ஒரு பொருள் திரையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் செல்ல ஏழு விநாடியாவது எடுக்கவேண்டும் என்பது ஒளிப்பதிவாளர்களிடையே வழங்கிவரும் விதி. அதைவிட வேகமாகத் திருப்பினால் கொட்டகையிலேயே படம் அதிரும். ஆனால் கொட்டகையின் புரொஜெக்டரிடம் ஒரு நேர்மை உண்டு. ஒவ்வொரு ஃபிரேமையும் அது சமமான நேரம், அதாவது 41.67 மில்லி விநாடி, காட்டிவிட்டு அடுத்ததற்குப் போகிறது. ஒன்றுக்கு அதிகமும் இன்னொன்றுக்குக் குறைவும் கொடுக்கிற பாரபட்சம் அதனிடம் இல்லை.

பாரபட்சம் தொலைக்காட்சியோடு வந்தது. மின்சாரத்தின் அலைவுக்கு ஒத்தபடி படத்தைப் புதுப்பிக்காவிட்டால் திரையில் பட்டைகள் ஊர்கின்றன என்பதால், அறுபது அலைவுள்ள அமெரிக்காவில் விநாடிக்கு அறுபது ஃபீல்டு, அதாவது அரைப்படம், என்றும், ஐம்பது அலைவுள்ள ஐரோப்பாவிலும் பின்னால் இந்தியாவிலும் ஐம்பது என்றும் வைத்துக்கொண்டார்கள். இருபத்துநான்கு அறுபதில் முழுதாகப் போகாது. இரண்டரை முறை போகும். அரை முறை காட்ட வழியில்லாததால், ஒரு ஃபிரேமை இரண்டு தடவை, அடுத்ததை மூன்று தடவை, மறுபடி இரண்டு, மறுபடி மூன்று என்று காட்டும் உபாயத்தைக் கைக்கொண்டார்கள். இன்று நம் கம்ப்யூட்டர்களெல்லாம் கடையிலிருந்து வரும்போது 60 ஹெர்ட்ஸுக்கு அமைக்கப்பட்டே வருவதால், அந்தப் பழைய உபாயம் நம் கூடத்துக்குள் சொல்லாமலே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒரு ஃபிரேம் 33 மில்லி விநாடி நிற்கிறது, அடுத்தது 50 மில்லி விநாடி நிற்கிறது. மனிதர் பேசிக்கொண்டிருக்கும் காட்சியில் இது தெரியாது. வரப்புத் தென்னைகள் நகரும்போது, ஒவ்வொரு தென்னையும் ஓர் அடியைக் குட்டையாகவும் ஓர் அடியை நெட்டையாகவும் எடுத்து வைக்கும். முன்சொன்ன நண்பர் கண்டது இதைத்தான். அவர் பிராசசரை மாற்றினால் தென்னைகள் அதே நொண்டலைப் புதுப் பிராசசரில் நொண்டும்.

ஐம்பது அலைவு தேசங்கள் வேறோர் உபாயம் செய்தன: படத்தையே இருபத்தைந்தாக முடுக்கி ஓட்டிவிட்டார்கள். இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிஷத்தில் முடிந்துவிடும்; பாட்டெல்லாம் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாகச் சுருதி ஏறி ஒலிக்கும். பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையைப் பின்பற்றிய நம் தூர்தர்ஷன் ஒளிபரப்புக்கும் அதே இருபத்தைந்து ஃபிரேம்தான் கணக்கு. கொட்டகையில் கேட்ட பாட்டை இவ்விதம் முடுக்கிய பிரதியில் கேட்கும்போது பாடகருக்குத் தொண்டை கொஞ்சம் இளகியிருப்பதாகத் தோன்றினால், அது கேட்டவருடைய செவிக்கோளாறு அல்ல. ஆயினும் அசைவைப் பொறுத்தவரை இந்த முறை குற்றமற்றது. ஒவ்வொரு ஃபிரேமும் சமமாக நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், இருபத்தைந்து ஃபிரேமில் தயாரான நம் ஊர் நிகழ்ச்சிகளை 60 ஹெர்ட்ஸ் கம்ப்யூட்டரில் போட்டால், இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று, இரண்டு என்று அமெரிக்க நொண்டலைவிட ஒழுங்கற்ற நொண்டல் கிடைக்கும். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருந்துகொண்டு உள்ளூர்ச் சானல்களின் பதிவுகளைப் பார்ப்பவர்கள் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 50 ஹெர்ட்ஸைத் தேர்ந்துகொள்வதே முறை; அந்த வரி அங்கே இருக்கிறதென்பதைக்கூட அநேகர் திறந்து பார்த்ததில்லை.

இனி வருவது 1953-ஆம் வருஷத்துச் சங்கதி. அமெரிக்காவில் கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் லட்சக்கணக்கில் வீடுகளில் இருக்கையில் வர்ணத்தைப் புகுத்தவேண்டியிருந்தது. பழைய பெட்டிகளும் கெடாமல் ஓடவேண்டும். நிறத்தைச் சுமக்கும் அலைக்கும் ஒலியைச் சுமக்கும் அலைக்கும் ஏற்பட்ட சச்சரவில் திரையில் புள்ளிகள் ஊரும் என்று கண்டு, ஒலியலையை இருந்த இடமான 4.5 மெகாஹெர்ட்ஸிலேயே விட்டுவிட்டு, படத்தின் வரிகளுடைய வேகத்தை அதில் 286-இல் ஒரு பங்காக இருக்கும்படி அணுவளவு குறைத்தார்கள். அந்தக் குறைப்பினால் விநாடிக்கு அறுபது என்பது 59.94 ஆயிற்று, அதாவது ஆயிரத்தொன்றை ஆயிரமாக ஓட்டுவதுபோன்ற மாறுதல். தொலைக்காட்சிக்கு மாற்றப்பட்ட படங்களும் அதே விகிதத்தில் தளர்ந்து, இருபத்துநான்கு என்பது 23.976 ஆயிற்று. அந்த ஒலியலையும் அந்தப் பெட்டிகளும் போய்விட்டன. ஆனால் இன்று கடையில் வாங்குகிற ப்ளூரே தட்டுகளில் பெரும்பாலானவை இன்னும் 23.976 ஃபிரேமிலேயே அச்சாகின்றன. எழுபது வருஷத்துக்கு முந்தைய ஒரு சமரசத்துக்கு நாம் இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம்.

திரையைப் படத்தின் வேகத்துக்கு மாற்றிவிட்டால் எல்லாம் சரியாயிற்று என்று எண்ணி 24 ஹெர்ட்ஸைத் தேர்ந்துகொள்பவருக்கு இங்கேதான் ஒரு சூட்சுமம் காத்திருக்கிறது. திரை சரியாக 24.000 என்று ஓட, படம் 23.976 என்று வந்தால், திரை கேட்கும் எண்ணிக்கைக்கும் படம் கொடுக்கும் எண்ணிக்கைக்கும் 41.7 விநாடிக்கு ஒரு ஃபிரேம் துண்டு விழும். அப்போது இருக்கிற ஃபிரேமே இரண்டாம் முறையும் காட்டப்படும். இரண்டரை மணி நேரத்தில் இருநூறு முறைக்கு மேல். ஆரம்பத்தில் சொன்ன நாற்பது விநாடி விக்கல் இதுதான். 2011-இல் இன்டெல் வெளியிட்ட சாண்டி பிரிட்ஜ் வரிசையின் கிராபிக்ஸ், 23.976 கேட்டாலும் 24.000 கொடுத்தது, வீட்டுத்திரைக் கம்ப்யூட்டர் கட்டுவோரிடையே அந்நாளில் இதைப் பற்றி எழுந்த கூக்குரல் கொஞ்சமல்ல, பின் வந்த தலைமுறைகளில் நிலைமை சீர்பட்டது. விண்டோஸின் பழைய பட்டியல் இந்தக் குழப்பத்தை இன்னும் கொஞ்சம் வளர்க்கிறது. புள்ளிக்குப் பின்னுள்ளதை வெட்டிவிட்டு 23, 24, 59, 60 என்று அது வரிசைப்படுத்துவதால், 23 என்பதைக் கண்டவர் ஏதோ குறைபட்ட எண் என்று பயந்து 24-ஐத் தொட்டுவிடுகிறார். ப்ளூரேக்கு வேண்டியது அந்த 23 தான்.

படத்துக்குப் படம் எழுந்துபோய் இதை மாற்றிக்கொண்டிருப்பது யாருக்கும் சாத்தியமல்ல. 2002-இல் ஒரு விளையாட்டுப் பெட்டிக்காகத் தோன்றி, எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் வளர்ந்து, 2014-இல் கோடி என்று பெயர் மாற்றிக்கொண்ட மென்பொருளில், ப்ளேயர் செட்டிங்ஸுக்குள் ரெஃப்ரெஷ் ரேட்டைப் படத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளச் சொல்லும் வரி ஒன்று உண்டு. அதை, படம் தொடங்கும்போதும் முடியும்போதும் மாறும்படி வைத்துவிட்டால் போதும். மாறும் சமயத்தில் திரை ஓரிரு விநாடி கறுத்துப் பின் விழித்துக்கொள்ளும். அதற்குள் படத்தின் முதல் வசனம் போய்விடாதிருக்க, மாற்றத்தின்போது சிறிது நிறுத்திவைக்கும் வசதியையும் அங்கேயே காணலாம். பழைய ஹெச்டிஎம்ஐ 1.4 வாயுள்ள சிறு கம்ப்யூட்டரை 4கே டிவியில் மாட்டியிருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம்: அந்த வாய் முழு 4கேயில் 30 ஹெர்ட்ஸுக்கு மேல் தராது, 24 ஃபிரேம் படம் 30-இல் ஓடும்போது நான்கில் ஒன்று இரட்டித்து, பார்ப்பதற்கே பொறுக்காது.

படமும் திரையும் ஒத்துப்போய்விட்டன என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது கடிகாரம் இன்னும் தன் பாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒலிச் சில்லுக்கென்று ஒரு படிகம், கிராபிக்ஸுக்கென்று ஒரு படிகம். இரண்டும் நல்லவைதாம், ஆனால் உலகத்தில் இரண்டு படிகங்கள் ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொண்டாலும், பதினான்கு நிமிஷத்துக்கு ஒரு ஃபிரேம் அளவுக்கு ஒலியும் படமும் விலகும். ப்ளேயர்கள் பொதுவாக ஒலியையே தலைமையாக வைத்துக்கொண்டு படத்தை அதற்கு இணங்க ஓட்டுகின்றன; கச்சேரியில் பாடகர் எப்படி இழுத்தாலும் மிருதங்கம் அவரைத் தொடர்ந்து போவதுபோல. ஒலியில் ஓர் இமைப்பொழுது துண்டித்தாலும் டப்பென்று கேட்டுவிடும் என்பதால் இது நியாயமான ஏற்பாடே. ஆனால் விலகல் ஓர் அளவைத் தாண்டியதும் படத்தில் ஒரு ஃபிரேமைத் தள்ளியோ இரட்டித்தோ கணக்கை நேர் செய்யவேண்டும். அதுதான் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை வரும் அந்த மர்ம விக்கல்.

இதற்கு எதிர்மாறான ஏற்பாடு ஒன்று உண்டு. திரையைத் தலைமையாக்கி, ஒலியைப் பத்து லட்சத்தில் சில பங்கு இழுத்தோ சுருக்கியோ அதற்கு இணக்குவது. ரீகிளாக் என்ற சிறு மென்பொருள் விண்டோஸில் முதலில் இதைப் பரவலாக்கியது. எம்பிவி ப்ளேயரிலும் கோடியிலும் இன்று இது ஒரு செட்டிங்தான். சுருதியில் நேரும் மாறுதல் எந்த வித்துவானுக்கும் எட்டாத அளவு சிறியது. 24.000 ஃபிரேம் படத்தை 25 ஆக முடுக்கிய பிரதிகள் கிடைக்கும்போது, அவற்றைப் பழைய வேகத்துக்குத் தாழ்த்திப் பாட்டை அதன் சொந்தச் சுருதியில் கேட்கவும் ரீகிளாக் பயன்பட்டது. அந்த மென்பொருளை நான் முக்கியமாக மதிப்பது இதற்காகவே. ஆனால் ஒன்று: டால்பி ட்ரூஹெச்டி, டிடிஎஸ் முதலிய ஒலிகளைக் கம்ப்யூட்டர் விரிக்காமல் அப்படியே ஏவி ரிசீவருக்கு அனுப்புகிறவர்களுக்கு இந்த உபாயம் பலிக்காது. கட்டிய மூட்டையைப் பிரிக்காமல் உள்ளே இருப்பதை எப்படி இழுப்பது? அட்மாஸ் ஒலிக்காகக் கூரையில் ஸ்பீக்கர் மாட்டியிருப்பவர் மூட்டையாகவே அனுப்பித்தான் ஆகவேண்டும். அவரிடம் நான் சொல்வது, பதினான்கு நிமிஷத்துக்கு ஒரு ஃபிரேம் போனால் போகட்டும், பதினான்காவது நிமிஷத்தை எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள் என்பதுதான்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஹெச்டி சானல்கள் விநாடிக்கு ஐம்பது அரைப்படங்களை, ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறி வரும்படி அனுப்புகின்றன. ஒவ்வோர் அரைப்படமும் காமிரா கண்ட வெவ்வேறு தருணம். இவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து இருபத்தைந்து முழுப்படமாக்கும் ப்ளேயரில், வேகப்பந்து வீச்சாளரின் கையிலிருந்து புறப்பட்ட பந்து பாதி தருணங்களை இழந்து தாவித் தாவி வரும். அல்லது ஓரங்களில் சீப்புப் பல் மாதிரி வரிகள் தெரியும். டீஇன்டர்லேஸ் என்ற இடத்தில் ஐம்பதும் ஐம்பது படங்களாக வரும்படி அமைத்துக்கொண்டு, திரையையும் 50 ஹெர்ட்ஸில் வைத்தால், டிவியின் சொந்தப் பெட்டியில் ஓடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இராது. திரையின் குறுக்கே படம் இரண்டாகப் பிளந்து, மேற்பாதி ஒரு தருணமும் கீழ்ப்பாதி இன்னொன்றுமாய்த் தெரிகிற கிழிசல் வேறு ஜாதி. திரை வரைந்து முடிக்கும்வரை காத்திராமல் கிராபிக்ஸ் படத்தை மாற்றிவிடுவதால் வருவது. விசிங்க்கை இயக்கினால் தீரும். லினக்ஸ்காரர்களுக்கு மட்டும் டிரைவரின் அமைப்பில் கொஞ்சம் பிரயாசை உண்டு.

இத்தனைக்கும் பிறகு டிவியே செய்கிற விஷமம் ஒன்று பாக்கி. இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே இல்லாத ஃபிரேம்களைத் தானே கற்பித்து நுழைத்து, எல்லாவற்றையும் எண்ணெய் தடவினாற்போல் ஓடவைக்கும் வசதி ஏறக்குறைய எல்லாக் கம்பெனி டிவிகளிலும் வெவ்வேறு பெயரில் இயங்கியபடியே வருகிறது. சினிமா அதில் மெகா சீரியல் சாயலை அடைந்துவிடும். 2018 டிசம்பரில் நடிகர் டாம் க்ரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் சேர்ந்து நின்று, இதை அணைத்துவிடுங்கள் என்று ஜனங்களைக் கேட்டுக்கொண்டு ஒரு வீடியோவே வெளியிட்டார்கள். மறு வருஷம் டிவி கம்பெனிகளும் ஸ்டூடியோக்களும் கூடி, ஃபிலிம்மேக்கர் மோட் என்று ஒரு நிலையை அறிவித்தார்கள். அதிக ஃபிரேம் மட்டுமே அழகென்றால் 2012-இல் விநாடிக்கு 48 ஃபிரேமில் வந்த 'ஹாபிட்' எல்லோரையும் மகிழ்வித்திருக்கவேண்டும். பலருக்கு அது உடையும் ஒப்பனையும் வெளிப்பட்ட நாடக மேடையாகவே பட்டது. என் ருசியும் அந்தப் பலருடையதே. 120 ஹெர்ட்ஸ் டிவி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சௌகரியம்: அங்கே ஒவ்வொரு ஃபிரேமையும் சரியாக ஐந்து முறை காட்டிவிடலாம், கற்பனை ஏதும் வேண்டாம்.

இவற்றில் எது தம் வீட்டு நோய் என்று ஊகித்துக்கொண்டிராமல் பிரத்தியட்சமாகப் பார்க்க வழி இருக்கிறது. எம்பிவியில் படம் ஓடும்போது கீபோர்டில் ஐ என்ற ஆங்கில எழுத்தை அழுத்தினால் இடது மேல்மூலையில் வெள்ளை எழுத்தில் ஒரு பட்டியல் எழும். அதில் திரையின் வேகம் இரண்டு எண்களாக இருக்கும்: கம்ப்யூட்டர் சொல்லிக்கொள்வது ஒன்று, ப்ளேயர் தானே அளந்தது ஒன்று. முதலாவது 23.976 என்றும் இரண்டாவது 24-ஐ ஒட்டியும் இருந்தால் நாற்பது விநாடி விக்கலுக்கு வேறு சாட்சி தேவையில்லை. தவறவிட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கையும் இரண்டு பிரிவாக வரும்; டிகோடர் பக்கத்தில் எண் ஏறினால் கோடெக்கோ பலமோ குறை; டிகோடர் பூஜ்யமாயிருந்து வெளியீட்டுப் பக்கத்தில் மட்டும் ஏறினால் திரைக்கு அனுப்பும் கட்டத்தில் கோளாறு; கடிகாரங்களோ, டிரைவரோ, பின்னணியில் ஓடும் வேறு ப்ரோகிராமோ என்று அங்கிருந்து தேடலாம். புதிய எண்கள் நிலைக்க ஒரு நிமிஷமாவது ஆகும். போட்டவுடனே பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. இரண்டும் பூஜ்யமாய் நின்று, அளந்த வேகமும் படத்தின் வேகத்தோடு ஒட்டி, டிவியின் கற்பனையும் அணைந்திருக்க, அப்போதும் தென்னைகள் ஒரு காட்சியில் அதிர்ந்தால், அந்த ஒளிப்பதிவாளர் ஏழு விநாடியில் திருப்பவேண்டியதை மூன்று விநாடியில் திருப்பியிருக்கிறார். அதற்கு செட்டிங் கிடையாது.

சப்டைட்டில்கள் வசனத்துக்கு முன்னாலோ பின்னாலோ வந்து நிற்பதேன் என்று சில வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். இருபத்தைந்து ஃபிரேம் பிரதிக்காக எழுதப்பட்டதை 23.976 ஃபிரேம் பிரதியோடு சேர்த்தால் வசனங்கள் போகப்போக விலகிக்கொண்டே போகும் என்பது இவ்வளவு தூரம் படித்தவர்களுக்குத் தாமே விளங்கியிருக்கும். மற்றக் காரணங்கள் அடுத்த வாரம்.